ஒரு கண் மட்டும் மங்கினால்தான் ஆபத்து அதிகம்

மாறுகண் உள்ள பிள்ளையைப் பார்த்து "யோகக்காரப் பிள்ளை" என்று சொல்லும் பழக்கம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்னும் போகவில்லை. "வளர வளரத் தானா நேராயிரும்" என்று அப்பத்தாக்கள் சொல்வது இன்னொன்று. அதை நம்பிச் சும்மா இருந்தால் அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாக மங்கிப் போகலாம். அது ஏன் என்று நமக்குக் காட்டியவை பூனைக்குட்டிகள்.

பூனைக்குட்டி பிறந்து ஒன்று, ஒன்றரை வாரத்தில் கண் திறக்கும். 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குட்டிகளின் ஒரு கண் இமையை மட்டும் தைத்து மூடினார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பிரித்தபோது கண்ணில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் பட்டால் கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) சுருங்கியது, விழித்திரையும் வேலை செய்தது. ஆனால் நல்ல கண்ணை மறைத்தால் குட்டி எதிரில் இருப்பதில் முட்டிக்கொண்டது. மூளையின் பின்புறம், கண் அனுப்புவதை வாங்கிப் பார்வையாக்கும் பார்வைப் புறணியில் மெல்லிய மின்முனையைச் செருகி ஒவ்வொரு செல்லாகக் கேட்டுப் பார்த்தார்கள். சாதாரணப் பூனையில் சுமார் 80 சதவீத செல்கள் இரண்டு கண்ணுக்கும் பதில் சொல்லும். இந்தக் குட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டும் போய்விட்டன.

வளர்ந்த பூனையின் கண்ணை மாதக்கணக்கில் மூடினாலும் இப்படி ஆகவில்லை. குட்டிக்கு நான்காவது, ஐந்தாவது வாரத்தில் மூன்று நான்கு நாள் மூடினாலே போதும், கணக்கு மாறிவிடும். மூன்று மாதம் தாண்டினால் பாதிப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. இந்த வேலைக்காக 1981இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பலரும் கவனிக்காமல் விடுவது அடுத்த சோதனையை. இரண்டு கண்ணையும் சேர்த்து மூடினால் இரு மடங்கு கேடு வர வேண்டும் அல்லவா? வரவில்லை. கணிசமான செல்கள் இரண்டு கண்ணுக்கும் பதில் சொன்னபடியே இருந்தன. ஆக, வெளிச்சம் கிடைக்காதது மட்டும் காரணமில்லை, இரண்டு கண்களுக்கும் இடையே இடத்துக்குப் போட்டி நடக்கிறது. பங்காளிகள் சேர்ந்து புழங்கும் வளவு வீட்டில் ஒரு பங்காளி வராமலே இருந்தால் அவர் அறையையும் மற்றவர் புழங்க ஆரம்பித்துவிடுவார், அப்படித்தான்.

1965இல் தையல் போடாமல் ஒரு கண்ணின் தசையை மட்டும் வெட்டிக் குட்டிக்கு மாறுகண் வரவைத்தார்கள். இரண்டு கண்ணிலும் வெளிச்சம் விழுந்தது. இருந்தும் இரு கண்ணுக்கும் பொதுவான செல்கள் 80இலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. தூரம், ஆழம் கணிக்க உதவுபவை அந்தச் செல்கள்தான். குட்டிகளை அந்தப் பாடு படுத்தியது மனசைப் பிசைகிறது. அதில் கற்ற பாடத்தை நாம் வீட்டில் பயன்படுத்தாமல் விடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

பூனைக்குட்டியிலிருந்தே தொடங்கலாம். வீட்டின் உள்கட்டில் மூட்டை முடிச்சுக்கு நடுவே பூனை குட்டி போட்டால் அங்கே இருட்டாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு கண்ணில் மட்டும் பீளை கட்டி இமை ஒட்டியிருந்தால்தான் பயப்பட வேண்டும். காய்ச்சி ஆறவைத்த நீரில் பஞ்சை நனைத்து ஓரிரு நிமிடம் மேலே வைத்து ஊறவிடுங்கள். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு. விரலால் பிரித்து இழுத்தால் உள்ளே புண்ணாகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால் கருவிழிப் புண் ஆழமாகிக் கண்ணே போகலாம். மறுபடி ஒட்டினாலோ, மூடிய இமைக்குள் வீக்கம் தெரிந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணை மூடினால் மூளையின் கணக்கு மாறிவிடும் இந்தக் காலம் குழந்தைக்கு வாரக்கணக்கில் முடிவதில்லை, சுமார் ஏழெட்டு வயது வரை நீள்கிறது. ஆனால் முதல் மாதங்களில்தான் பாதிப்பு மிகக் கடுமை. பிறவியிலேயே ஒரு கண்ணில் அடர்ந்த புரை இருந்தால் ஆறு வார வாக்கில் அறுவை சிகிச்சை நடந்துவிட வேண்டும் என்கிறார்கள். கைக்குழந்தையின் ஒரு கண்ணை, வேறு காரணத்துக்காகக்கூட, நாள்கணக்கில் கட்டுப்போட்டு மூடுவதும் ஆபத்து.

இரண்டு கண்ணும் தெரியாத பிள்ளை தடுமாறும், வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு கண் மங்கிய பிள்ளை ஓடும், எழுதும், டிவி பார்க்கும், யாருக்கும் தெரியாது. அதனால் நீங்களே பாருங்கள். மடியில் உட்காரவைத்து, பிடித்த பொம்மையைக் காட்டி, உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மறையுங்கள். பிறகு மற்றக் கண்ணை. ஒரு பக்கம் மறைக்கும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால், மறைக்காத கண்ணில் கோளாறு இருக்கலாம். ஃபிளாஷ் படத்தில் ஒரு கண்ணின் பாப்பா சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால் நல்ல நாள் பார்க்காமல் கண் மருத்துவரிடம் கிளம்புங்கள். புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம்.

சிகிச்சை எளிது, விடாமல் செய்வதுதான் கஷ்டம். முதலில் சரியான கண்ணாடி. பிறகு நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடுவது: நடுத்தரக் குறைக்குத் தினமும் 2 மணி நேரம், கடுமையானதற்கு 6 மணி நேரம். கண்ணாடியின் மேல் ஒட்டினால் பிள்ளை ஓரத்தில் எட்டிப் பார்க்கும், தோலில் ஒட்டி அதன்மேல் கண்ணாடி போடுங்கள். சீக்கிரம் சரியாகட்டும் என்று மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நேரத்தைக் கூட்டவே கூடாது, இப்போது மூடியிருக்கும் நல்ல கண் தன் இடத்தை இழக்கத் தொடங்கலாம். குறித்த தேதியில் மறுபரிசோதனைக்குப் போகச் சொல்வது அதற்காகத்தான்.

"பத்து வயசாச்சு, இனி என்ன" என்று கைவிடவும் வேண்டாம். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிலும் கண்ணாடி, ஒட்டுத்துணி, நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து கொடுத்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பார்வை கூடியதாக ஆய்வு உண்டு. முழுசாகத் திரும்பாமல் போகலாம், சார்ட்டில் இரண்டு வரி கூடப் படித்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது லாபம்தான்.