ஏரிக்கரையில் ஒரு மாதச் சம்பளம்

பெங்களூரின் ஏரிகளையும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் ராஜகால்வாய்களையும் பராமரிக்க, இந்நகரத்து இளைஞர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும் என்று நண்பர்களிடம் தொடர்ந்து சொல்லி வருகிறேன். இயற்கையைக் காப்பது தொண்டு, அதற்குக் கூலி பேசலாமா என்றுதான் பலரும் திருப்பிக் கேட்கிறார்கள். கூலி பேசித்தான் ஆக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எங்கள் அல்சூர்ப் பகுதியில் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்த பெண் ஒருத்திக்கு, ஓர் அமைப்பு ஆறு மாதப் பயிற்சிப் பணி தர முன்வந்தது. சம்பளம் கிடையாது, பேருந்துச் செலவும் அவளுடையதே. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், தம்பி பி.யூ.சி. படிக்கிறான். அவள் துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டாள். சம்பளமில்லாத ஆறு மாதங்களைத் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள்தாம் அந்த அனுபவத்தைப் பெறுகிறார்கள். அந்த அனுபவத்தைக் காட்டி அடுத்து வரும் வேலையையும் அவர்களே பெறுகிறார்கள். ஏரியின் நாற்றத்தையும் கொசுவையும் அன்றாடம் சுமக்கும் தெருக்களின் பிள்ளைகளுக்கு, அந்த ஏரியைப் பற்றிய படிப்பு இருந்தும் அத்துறையின் வாசல் திறப்பதில்லை.

சனி, ஞாயிறுகளில் வந்து மரக்கன்று நட்டுப் போகும் ஐ.டி. நிறுவன ஊழியர்களின் நல்லெண்ணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஏரிக்குத் தேவைப்படுவது நாள்தோறும் செய்யவேண்டிய வேலை. ஜக்கூர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் கழிவுநீர், நேராக ஏரியில் விழாமல், நீர்த்தாவரங்கள் அடர்ந்த ஒரு சதுப்பைக் கடந்து செல்கிறது. நீரில் எஞ்சியிருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளைச் சம்பங்கோரை போன்ற தாவரங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த ஏற்பாடு பலன் தர வேண்டுமானால் வளர்ந்த தாவரங்களை அவ்வப்போது அறுத்து வெளியேற்ற வேண்டும். அறுக்காமல் விட்டால் அவை அங்கேயே அழுகி, உறிஞ்சிய சத்தை மீண்டும் நீருக்கே கொடுத்துவிடும். ஆகாயத்தாமரையை அள்ளுவது, கால்வாயில் அடைத்த குப்பையை மழைக்கு முன் எடுப்பது, நீரின் ஆக்சிஜன் அளவைச் சோதித்துக் குறித்து வைப்பது, நட்ட கன்றுக்குக் கோடையில் தண்ணீர் விடுவது எல்லாம் இத்தகைய வேலைகளே. பெள்ளந்தூர் ஏரி 2015-இலும் 2018-இலும் தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. ஆண்டுக்கணக்கில் கழிவுநீர் வந்து சேர, கண்காணிப்பு இல்லாமல் விடப்பட்ட ஏரியின் முடிவு அது.

ஏரிப் பராமரிப்புக்குக் கூலி கொடுப்பது நமக்குப் புதிதும் அன்று. கர்நாடகத்தில் நீருகண்டி என்றும் தமிழகத்தில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்றும் அழைக்கப்பட்டவர்கள் மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு, அதற்காக விளைச்சலில் ஒரு பங்கைத் தானியமாகப் பெற்றார்கள். அந்த ஏற்பாடு சாதியோடு கட்டப்பட்டிருந்தது. அது அப்படியே திரும்பி வரக்கூடாது. ஆனால் ஏரியைப் பார்த்துக்கொள்பவருக்கும் வயிறு உண்டு என்பதை அந்தக் காலத்து ஊர் அறிந்திருந்தது.

அமெரிக்காவில் பெருமந்தம் எனப்பட்ட பொருளாதார வீழ்ச்சியின்போது, 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்புப் படை இதைத் தேசிய அளவில் செய்து காட்டியது. 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்கள் அதில் வேலை செய்தார்கள். 300 கோடி மரக்கன்றுகள் நட்டார்கள், மண்ணரிப்பைத் தடுத்தார்கள், காட்டுத்தீயை அணைத்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. என்னை மிகவும் கவர்ந்தது இந்த 25 டாலர்தான். காட்டுக்கு நட்ட மரமும் வீட்டில் எரிந்த அடுப்பும் ஒரே கணக்கில் எழுதப்பட்டன. அதன் குறைகளும் பெரியவை: பெண்களுக்கு அதில் இடமில்லை, கறுப்பின இளைஞர்கள் பெரும்பாலும் தனி முகாம்களில் வைக்கப்பட்டார்கள். தென்னாப்பிரிக்கா 1995-இல் தொடங்கிய திட்டம் இந்த வகையில் மேலானது. நீரை உறிஞ்சும் அயல் மரங்களை வெட்டி அகற்றும் அந்தப் பணியில் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் முன்னுரிமை கொடுக்கப்பட்டது. அயல் தாவரமான உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும் பந்திப்பூர்க் காட்டை அறிந்தவர்களுக்கு நமக்கும் அது எவ்வளவு தேவை என்பது புரியும்.

நம் நாட்டில் 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் ஊரகத்துக்கு மட்டுமே உரியதாக எழுதப்பட்டது. நகரத்துக்கென்று கேரளம் 2010-இல், சமூகச் சீர்திருத்தவாதி அய்யன்காளி பெயரில் ஒரு வேலைத் திட்டம் கொண்டுவந்தது. ராஜஸ்தான் 2022-இல் கொண்டுவந்தது. பெங்களூருக்கும் அத்தகைய திட்டம் வரவேண்டும். அதில் சில நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. கழிவுநீர்க் கால்வாயிலும் ஆள்நுழைவுக் குழியிலும் யாரையும் இறக்கக்கூடாது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடுத்ததை இளைஞர் திட்டம் என்ற பெயரில் பின்வாசல் வழியாக நுழையவிட முடியாது. சம்பளம் ஒப்பந்தக்காரர் கையில் போகாமல் நேராக வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். ஓராண்டாவது வேலை நீடிக்க வேண்டும், ஏனெனில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்தால்தான் ஓர் ஏரி எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒருவரால் கற்றுக்கொள்ள முடியும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு: கர்நாடக அரசின் யுவநிதித் திட்டம், வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாயும் பட்டயம் முடித்தவருக்கு 1,500 ரூபாயும் இரண்டாண்டு வரை தருகிறது. அந்த உதவி அப்படியே தொடரட்டும். அதைப் பெறுபவர்களில் விரும்புகிறவர்களுக்கு, அதற்கு மேல் முறையான சம்பளம் சேர்த்து ஏரி வேலையைத் தரலாம். 2013 நிறுவனச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பணம் நடைபாதையாகவும் வேலியாகவும் பெயர்ப்பலகையாகவும் கண்ணில் படுகிறது. அதில் ஒரு பகுதியை, ஒவ்வோர் ஏரிக்கும் பக்கத்துத் தெருவிலிருந்து பத்துப் பேரின் ஓராண்டுச் சம்பளத்துக்கென்று ஒதுக்கும்படி உங்கள் நிறுவனத்தில் கேளுங்கள். அடுத்து வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நானும் இதையே கேட்கப்போகிறேன்.