தீப்பெட்டியின் விலையில் கூலி எவ்வளவு?

உற்பத்தி முழுவதையும் இயந்திரங்களே பார்த்துக்கொண்டால் பொருள்களின் விலை அடியோடு இறங்கிவிடும் என்று நண்பர்கள் உறுதியாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தீப்பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பெரும்பாலும் பெண்களின் கைகளால் நடந்துவந்த இந்தத் தொழிலில், பகுதி இயந்திரங்களுக்குப் பிறகு, குச்சி அடுக்குவதிலிருந்து பெட்டியில் அடைப்பதுவரை தானே செய்யும் முழு இயந்திர ஆலைகளும் வந்துவிட்டன. ஆனாலும் 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயாக உயர்ந்த தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. (குச்சிகளின் எண்ணிக்கையும் அப்போது கூட்டப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.)

அந்த உயர்வுக்கு உற்பத்தியாளர்கள் காட்டிய காரணம் மூலப்பொருள்கள்தாம். கிலோ 425 ரூபாயாக இருந்த, பெட்டியின் உரசும் பட்டையில் பூசும் சிவப்புப் பாஸ்பரஸ் 810 ரூபாய்க்கும், 58 ரூபாயாக இருந்த மெழுகு 80 ரூபாய்க்கும் ஏறியிருந்தன. அட்டை விலையும் விடவில்லை. இயந்திரத்தால் குறைக்க முடிந்தது கூலி என்ற ஒரு பங்கை மட்டுமே. அந்தப் பங்கு பூஜ்யமாகவே ஆனாலும் மருந்து, மெழுகு, மரம், மின்சாரம், இயந்திரம் வாங்கிய கடனுக்கான வட்டி ஆகியவை அப்படியே நிற்கின்றன.

சுரங்கத்திலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும்கூட ஆளில்லாமல் வேலை நடந்தால் இவையும் மலியாதா என்று கேட்கலாம். ஓரளவு மலியும். ஆனால் பாஸ்பரஸ் எடுக்கப்படும் பாஸ்பேட் பாறைக்கும், மெழுகு பிறக்கும் கச்சா எண்ணெய்க்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் விலையை நிர்ணயிப்பது தோண்டியவரின் கூலியைவிட, இருப்பு எவ்வளவு, வேண்டுவோர் எத்தனை பேர் என்பதே.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பெட்டிக்கு ஐந்து காசு மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கடையில் ஒரே ஒரு தீப்பெட்டி வாங்குபவருக்கு அந்த ஐந்து காசைத் திருப்பிக் கொடுக்க நாணயமே இல்லை. 600 பெட்டிகள் கொண்ட பண்டலாக வாங்கும் மொத்த வியாபாரிக்கு அது 30 ரூபாய். ஆலைகளுக்குள் கடும் போட்டி இருந்தால் அந்தப் பணம் அவர் கைக்கு வரும். போட்டி இல்லாவிட்டால் ஆலையிலேயே தங்கிவிடும்.

விலை குறைந்த வரலாறும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1908இல் 850 டாலருக்கு அறிமுகமான ஃபோர்டின் மாடல் டி கார், 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. ஆனால் அதே நிறுவனம் 1914இல் தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் தருவதாக அறிவித்தது. அங்கே இயந்திரத்தோடு ஆளும் தேவைப்பட்டார். ஆளே தேவைப்படாத ஆலையில் அப்படியொரு அறிவிப்புக்கு இடமில்லை. பெட்டி அடைத்து வாரக்கூலி வாங்கிய பெண்ணுக்குத் தீப்பெட்டி கால் ரூபாய் மலிந்தால் மாதத்தில் மிஞ்சுவது சில ரூபாய்கள். அவர் இழப்பதோ அரிசிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் இருந்த முழு வருமானம்.