மகளுக்குக் கிடைக்கும் உதவித்தொகை தாய்க்கும் கிடைக்க வேண்டும்

எங்கள் அண்ணிக்கு 39 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைலராக வேலை செய்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவருடைய மகளும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுதான். இருவருமே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே அரசுப் பள்ளியில் படித்தவர்கள். மகளின் வங்கிக் கணக்கில், அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கான புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதந்தோறும் வந்து சேர்கிறது. தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்கள் அத்திட்டத்தில் சேர முடியாது என்பதால் தாய்க்கு அது இல்லை.

திருமண உதவித் திட்டமாக இருந்ததை உயர்கல்விக்கானதாக மாற்றி 2022 செப்டம்பரில் அரசு தொடங்கிய இத்திட்டத்தையும், 2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்தையும் நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் கல்லூரி மாணவர் என்றால் பள்ளியை முடித்த கையோடு பகல்நேர வகுப்பில் சேர்ந்தவர் மட்டும்தானா? குடும்பச் சூழலால் பன்னிரண்டாம் வகுப்போடு தறிக்கும் தையல் இயந்திரத்துக்கும் போனவர்கள், இருபது ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தைத் திறக்கும்போது அவர்களுக்கென்று ஒரு திட்டம் இருக்க வேண்டாமா?

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்குக் கல்லூரிக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு இழக்கும் கூலிதான். அண்ணிக்குத் தைக்கும் துணிகளின் எண்ணிக்கைக் கணக்கில் (பீஸ் ரேட்) வாரச் சம்பளம். பருவத் தேர்வுக்காக நான்கு நாள் மெஷினில் உட்காராவிட்டால், அந்தச் சனிக்கிழமை கைக்கு வருவது மளிகைக் கடைப் பாக்கிக்கே போதாது. போன பருவத்தில் ஆர்டர் அவசரம் என்று கம்பெனியில் விடுப்பு தராததால் இரண்டு தாள்களை எழுதாமலே விட்டுவிட்டார். அவற்றுக்கு மீண்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் நேர்முக வகுப்புக்குப் போய்வரும் செலவாவது மிச்சமாகிறது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், இதுவரை பட்டம் பெறாத பெரியவர்கள் பருவத்துக்கு 6 கிரெடிட் (சுமார் இரண்டு பாடங்கள்) அளவில் பகுதிநேரமாகப் படித்தாலும், மற்ற உதவிகள் போக மீதமுள்ள சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தை 2018 முதல் அரசே ஏற்கிறது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும், அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்று 2022-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. பட்டம் இணையானதென்றால் உதவித்தொகையில் மட்டும் வேறுபாடு எதற்கு?

பணத்துக்காகப் பெயரளவில் சேர்ந்துகொள்வார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான். அப்படியானால் மாதந்தோறும் தர வேண்டாம். எழுதி முடித்த ஒவ்வொரு தாளுக்கும் 1,000 ரூபாய் என்று, தேர்வு முடிந்த வாரத்திலேயே கணக்கில் செலுத்தட்டும். அண்ணிக்கு அடுத்த பருவத் தேர்வு தொடங்க இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன.