அது ஃபில்டர் இல்லய்யா

போன்ல எடுக்குற படம் பிலிம்ல எடுத்த மாதிரி வர்றதுக்கு நான் ஒரு ஆப் எழுதியிருக்கேன். ஞாயித்துக்கிழம அதப்பத்தி நடந்தத முழுசா திரும்ப சொல்லல. ஆனா அத்தன பேரு முன்னாடி ஒருத்தர் மைக்க புடிச்சு "மஞ்ச ஃபில்டர போட்டு பிலிம்னு ஏமாத்துறான்"னு சொன்னதுக்கு பதில் சொல்லாம இருக்க முடியல. அது ஃபில்டர் இல்ல.

நம்ம போன் என்ன செய்யுது? பட்டன தட்டுனதும் பல ஃபிரேம ஒண்ணா சேத்து, நிழல தூக்கி, வெளிச்சத்த அமுக்கி, ஓரத்தையெல்லாம் கூராக்கி குடுத்துருது. மதுர புதுமண்டபத்துல கண்ணுக்கே இருட்டா இருக்குற தூணு போட்டோல பளிச்சுன்னு நிக்கும். அதுக்கு மேல எந்த ஃபில்டர போட்டாலும் பிலிம் வராது. அதனாலதான் சென்சார்லருந்து வர்ற, போன் இன்னும் கைவைக்காத ரா டேட்டாவுலருந்தே ஆரம்பிக்கிறேன். மத்தியான வெயில்ல வெள்ள வேட்டி கட்டுனவர எடுங்க, டிஜிட்டல்ல ஒரு அளவு தாண்டுனா வெறும் வெள்ளதான், மடிப்பெல்லாம் போச்சு. பிலிம் நெகட்டிவ்ல வெளிச்சம் ஏற ஏற அது வாங்குறது மெதுவாத்தான் அடங்கும், மடிப்பு நிக்கும். அதுக்காக வெளிச்சத்த கொஞ்சம் கம்மியாக்கி அண்டர்ல எடுத்து, பிலிம் மெதுவா அடங்குற அந்த வளைவ ஆப்புல கணக்கா எழுதி வச்சிருக்கேன்.

ஆப்புல எடுத்த படத்துல ராத்திரி லைட்ட சுத்தி செவப்பா கசியுதே, அதையும் அழகுக்கு வச்சதுன்னு சொல்றாய்ங்க. பிலிம்ல வெளிச்சம் எல்லா அடுக்கையும் தாண்டி அடியில பட்டு திரும்பி வரும், செவப்ப வாங்குற அடுக்கு கீழ இருக்கு, திரும்புறப்ப மொதல்ல அதுலதான் படும், அதான் செவப்பு. சினிஸ்டில் 800டிங்குற பிலிம்ல எடுத்து பாருங்க, தெரியும்.

"அவ்வளவு ஆசன்னா பிலிம்லயே எடு"ங்குறாங்க. எடுக்குறேன். ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்ண ஆயிரத்துக்கு மேல ஆகுது, மேலூர்லருந்து பஸ்ல காலேஜ் வர்ற பையன் எங்க போவான்? "ஆப்புக்கு காசு வாங்குறியே"ன்னா, ஆமா, வேல செஞ்சவன் கூலி வாங்குறான்.

பிலிம பாக்காத பயன்னு சொன்னதுதான் ரொம்ப வலிச்சுச்சு. கீழவாசல்ல ஸ்டுடியோ வச்சிருந்த அண்ணன்கிட்ட பள்ளிக்கூட லீவுலயெல்லாம் டார்க் ரூம்ல நின்னவன் நான். செவப்பு பல்பு வெளிச்சத்துல டிரேய ஆட்டி ஆட்டி பாத்துக்கிட்டே இருப்போம், பேப்பர்ல மொதல்ல தலமுடியும் புருவமும் வரும், கன்னம் கடேசியாத்தான் வரும், சரியா அந்த நேரத்துல தூக்கி, படத்த அப்படியே நிக்க வைக்கிற ஹைப்போல போடுவாரு. அவரு ஸ்டுடியோவ மூடுனப்ப இன்னைக்கு பிலிமுக்காக கொதிக்கிறவங்க ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல. ஊட்டியில 1960ல ஆரம்பிச்ச நம்ம பிலிம் கம்பெனி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் படுத்தப்பவும் யாரும் வாய தொறக்கல. அப்பெல்லாம் எங்கய்யா போயிருந்தீங்க? அப்ப வராத கோவம் எம்மேல மட்டும் எப்படி வருது?

அந்த அண்ணன்தான் என் ஆப்புல வர்ற ஒவ்வொரு படத்தையும் கண்ணாடிய தூக்கி வச்சுக்கிட்டு பாக்குறாரு. "வேட்டில புள்ளி வேணாம்டா, சாம்பல்லதான் தெரியணும்"னு அவரு சொல்லித்தான் பிலிம்ல தெரியுற அந்த புள்ளிய, கிரெய்ன, வெளிச்சத்துக்கு தக்கன மாத்தி எழுதுனேன். அப்படி எது சரியில்லன்னு நீங்களும் சொல்லுங்க, ஒக்காந்து மாத்துறேன். படத்த பெருசாக்கிக்கூட பாக்காம ஃபில்டர்னு மட்டும் சொல்லாதீங்க.