எல்லாப் பாடத்துக்கும் ஒரே மணி அடிக்காதீர்கள்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருவது என்று முடிவெடுத்தவர்களில் பாதிப் பேர் முதலில் செய்வது டயம் டேபிள் போடுவதுதான். ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்குக் கணக்கு, பத்தரைக்கு அறிவியல் என்று ஆறு பாடம், ஆறு நோட்டு, ஆறு கலரில் அட்டை. மூன்றாவது வாரம் அது சுவரில் மட்டும் இருக்கும். மீதிப் பாதிப் பேர் நேர் எதிர்க் கட்சி. பாடமே வேண்டாம், விளையாட விட்டால் எல்லாம் தானாக வரும் என்பார்கள்.

இரண்டு கட்சியும் செய்வது ஒரே தப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறார்கள். ஐந்திலிருந்து எட்டு வயது வரை வாசிப்பும் கணக்கும் ஒரு வகை, மற்றதெல்லாம் வேறு வகை. வாசிப்பிலும் கணக்கிலும் நேற்று தெரியாதது இன்றைக்குப் பிள்ளையின் காலை வாரும். அதனால் அவை தினமும், கொஞ்ச நேரம், வரிசை மாறாமல், நேரடியாகச் சொல்லித் தர வேண்டியவை. அறிவியலும் வரலாறும் ஓவியமும் அப்படியில்லை. நிலாவை முதலில் பார்த்தாலும் விதையை முதலில் பார்த்தாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அவற்றைத் தினம் அரை மணி நேரமாக நறுக்குவதைவிட, வாரத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு முழு மத்தியானம் கொடுத்துப் பாருங்கள், அதிகம் தேறும்.

தினசரிப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு: வாசிப்பு 15 நிமிஷம், எழுத்து 10 நிமிஷம், கணக்கு 15 முதல் 20 நிமிஷம். நடுவில் எழுந்து ஓடிவிட்டு வரலாம். பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு மணி நேரம் ஆகிறதே என்று பதற வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு பங்கு மற்ற பிள்ளைகள் முடிக்கக் காத்திருப்பதில் போகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் காத்திருப்பே கிடையாது. பிள்ளை நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அழுகையில் முடிந்த பாடத்தை மறுநாள் திறப்பதே பெரும்பாடாகிவிடும்.

வாசிப்பிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் சிக்கல். தமிழில் 247 எழுத்து, அட்டவணையை மனப்பாடம் செய்த பிறகுதான் சொல் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்குப் பிள்ளை வாசிக்க ஒன்றுமே இருக்காது. அட்டவணையைப் பாட்டாகப் பாடட்டும், தப்பில்லை. வாசிப்புக்கு வேறு வழியில் போங்கள். ப, ட, ம, க, ல, ர ஆகிய ஆறு எழுத்து, கூடவே அவற்றின் புள்ளி வைத்த வடிவம். இவ்வளவை வைத்தே படம், மரம், கல், பல், கடல், பகல், கரம், பட்டம், கட்டம், பக்கம், கப்பல் எல்லாம் படித்துவிடலாம். இரண்டாவது வாரமே பிள்ளை சொல் வாசிக்கும்.

இதில் வரும் முதல் தடங்கலுக்குக் காரணம் நாம்தான். மெய்யெழுத்தை இக், இங், இச் என்று பெயர் சொல்லிப் பழக்கிவிடுகிறோம். பிள்ளை 'ப, ட, இம்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லும், சேர்க்கச் சொன்னால் 'படயிம்' என்று ஏதோ வரும். பெயரை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கொடுங்கள். ம் என்றால் உதட்டை மூடி முனகுவது, அவ்வளவுதான். ம், ல் போல இழுக்கக்கூடிய ஒலிகளை முதலில் எடுத்துக்கொண்டால் சேர்ப்பது எளிது. அடுத்த தடங்கல், 'பகல்' என்பதில் உள்ள க-வைக் 'கடல்' க போல அழுத்திப் படிப்பது. இதற்கு விதி சொல்லாதீர்கள். மூன்று எழுத்தையும் படித்ததும் 'வேகமா சொல்லு' என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசிக் கேட்ட பிள்ளையின் காது தானே திருத்திக்கொள்ளும்.

பிறகு குறிகள். துணைக்கால் முதலில். அதன்பின் கி, கீ வரிசை. கொம்பு வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். கெ, கே, கை எல்லாம் ஒலியில் க் முன்னால், எழுத்தில் கொம்பு முன்னால். பிள்ளை க எழுதிவிட்டுக் கொம்புக்கு இடமில்லாமல் விழிக்கும், அல்லது வலப்பக்கம் போட்டுவிடும். கொம்பைத் தனி அட்டையில் எழுதி, எழுத்து அட்டைகளின் இடப்பக்கம் வைத்து வைத்து எடுக்கும் விளையாட்டை ஒரு வாரம் நடத்தினால் இது போய்விடும். கொ, கோ அதற்குப் பிறகு. உகர வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள், ஏனென்றால் அங்கே எழுத்தின் உருவமே மாறுகிறது. அதையும் அகர வரிசையில் போகாமல் உருவத்தை வைத்துப் பிரியுங்கள். கீழே கோடு இறங்கும் சு, பு, யு, வு ஒரு கூட்டம். அடியில் வளைந்து மேலே ஏறும் து, நு, ணு, லு, று, னு ஒரு கூட்டம். சுழித்து முடியும் கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று. ஙு, ஞு இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடலாம். எந்தப் பிள்ளையும் அவற்றை வைத்துக் கதை படிக்கப் போவதில்லை.

ன-ண, ர-ற, ல-ள-ழ இவற்றை ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி 'வித்தியாசம் பார்' என்று சொல்லித் தருவது பலருடைய பழக்கம். அப்படிச் செய்தால்தான் குழப்பமே உறுதியாகிறது. ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழக்கிவிட்டு, சில வாரம் கழித்து மற்றதைக் கொண்டு வாருங்கள்.

எழுதுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. கையெழுத்துப் பயிற்சியையும் சொந்தமாக எழுதுவதையும் ஆறு வயதில் ஒன்றாகக் கட்டாதீர்கள். மனதில் பத்து வாக்கியம் இருக்கும், கை ஒரு வாக்கியத்துக்கே வலிக்கும், கடைசியில் 'நாய் ஓடியது' என்று முடித்துவிடும். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அதிலிருந்து ஒரு வரியை மட்டும் அது பார்த்து எழுதட்டும். பக்கம் பக்கமாக நிரப்ப வைப்பதைவிட ஐந்து எழுத்து எழுதவிட்டு, 'இதில் எது நல்லா இருக்கு?' என்று வட்டம் போடச் சொல்வது கையையும் கண்ணையும் சேர்த்தே பழக்கும். சில எழுத்தும் எண்ணும் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி வருவது இந்த வயதில் சகஜம்.

கணக்குக்கு வாங்க வேண்டியது அதிகமில்லை. 100 குச்சி, 10 ரப்பர் பேண்ட். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று திட்டுவதில் பயனில்லை. அந்தப் பிள்ளைக்கு 42 என்பது நான்கு, இரண்டு என்ற இரண்டு தனி எண்கள், அவ்வளவுதான். பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு கட்டும் இரண்டு உதிரியும் முன்னால் வையுங்கள். 17 எடுக்கச் சொல்லுங்கள். உதிரியில் ஏழு இல்லை. ஒரு கட்டைப் பிரித்தால் மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு எடுத்தால் ஐந்து, ஒரு கட்டு எடுத்தால் இரண்டு. 25. 'கடன் வாங்குவது' என்று நாம் சொல்வது இந்தக் கட்டைப் பிரிப்பதைத்தான் என்று அப்போதுதான் புரியும்.

குச்சி வைத்துக் காட்டியும் தாளில் தப்பாகவே வருகிறது என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். திங்கள்கிழமை குச்சி, செவ்வாய்க்கிழமை தாள் என்று பிரித்திருப்பீர்கள். பிள்ளைக்கு அவை இரண்டு வேறு விளையாட்டு. ஒரு கட்டைப் பிரித்த அந்த நொடியே தாளில் 4-ஐ அடித்து 3 போட வேண்டும், 2-ஐ 12 ஆக்க வேண்டும். கை ஒரு அசைவு, பென்சில் ஒரு அசைவு. இப்படிச் சில நாள் சேர்ந்தே போன பிறகு குச்சியை எடுத்துவிடலாம்.

இருநூற்று மூன்றை 2003 என்று எழுதுவதும் இதே குடும்பத்துத் தப்பு. காதில் கேட்டபடி 200 எழுதி, பக்கத்தில் 3 போடுகிறது பிள்ளை. நீள அட்டையில் 200, குட்டி அட்டையில் 3. வலது ஓரம் பொருந்தும்படி ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் கடைசிச் சுழியத்தை 3 மறைத்து 203 ஆகிவிடும். தொண்ணூறில் 'நூறு' காதில் விழுவதால் அங்கே தடுமாறும் பிள்ளைகளுக்கும் 90 அட்டை உதவும்.

சமக்குறியைப் பரிசோதித்துப் பாருங்கள். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்தால் நிறையப் பிள்ளைகள் 12 என்பார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். '=' என்றால் விடையைப் போடு என்ற கட்டளை என்று மனதில் பதிந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்தே 7 = 3 + 4, 5 + 2 = 6 + 1 என்றும் எழுதிக் காட்டியிருந்தால் இது வந்திருக்காது.

வாய்ப்பாட்டைப் பார்த்துப் பயப்படுவது பிள்ளையைவிடப் பெற்றோர்தான். பத்துக்குப் பத்து வரை 100 பெருக்கல். மூன்று வரிசையில் நான்கு பொத்தான் அடுக்கி, தாளைத் திருப்பினால் நான்கு வரிசையில் மூன்று. திருப்பிப் போட்டாலும் ஒன்றே என்று பிள்ளை கண்ணால் கண்டால் 100 என்பது 55 ஆகிவிடும். அதில் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் ஏறக்குறைய தானாக வரும். மிச்சம் 21 தான். அந்த 21-ஐ மட்டும் அட்டையில் எழுதி ஒரு பெட்டியில் போடுங்கள். பெட்டியில் மூன்று அறை: தினம் எடுப்பது, மூன்று நாளுக்கு ஒரு முறை, வாரம் ஒரு முறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பானால் முதல் அறைக்குத் திரும்பும். மறதியை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னையே வைத்து அளந்து எழுதிவிட்டார். படித்த புதிதில்தான் வேகமாக மறக்கிறது. அதனால் ஒரே நாளில் இருபது முறை சொல்ல வைப்பதைவிட, இடைவெளி விட்டு நான்கு முறை கேட்பது மேல்.

இனி வாரப் பாடங்கள். இங்கே பட்டியலைச் சுருக்குங்கள், ஒன்றை ஆழமாகச் செய்யுங்கள். பீன்ஸ் விதை முளைப்பதை எடுத்துக்கொள்வோம். விதையை இரவு முழுக்க ஊறவையுங்கள். கண்ணாடி டம்ளரின் உட்சுவரை ஒட்டி மடித்த காகிதத்தை வைத்து, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதையைச் செருகினால் வேர் வருவது வெளியிலிருந்தே தெரியும். காகிதம் ஈரமாக இருந்தால் போதும். அடியில் நீர் தேங்கி விதை மூழ்கினால் மூச்சு முட்டி அழுகும், நாற்றம் அடிக்கும். பெரும்பாலான வீடுகளில் இது தோற்பது பாசத்தோடு ஊற்றிய தண்ணீரால்தான். வேர் ஒரு விரற்கடை வந்ததும் டம்ளரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வேர் இனி எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை, தப்போ சரியோ, முதலில் வரைந்து வைத்துவிட வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் பார்ப்பது வெறும் வேடிக்கை. ஓரிரு நாளில் வேர் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இருட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்டால், இரண்டு டம்ளர் வைத்து வெளிச்சத்தை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வரலாற்றுக்கு ஒரு கயிறு போதும். ஒரு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர். பிள்ளையின் வயது ஏழு சென்டிமீட்டர், தாத்தாவுடையது எழுபது. 2,000 வருஷம் என்றால் 20 மீட்டர், கயிறு வாசலைத் தாண்டிப் போய்விடும். காலத்தின் நீளம் இப்படிப் பிடிபட்ட பிறகுதான் ராஜாக்களின் பெயருக்கு அர்த்தம் வரும். புவியியலுக்கு மேஜையை மேலிருந்து பார்த்து வரைவதில் தொடங்கி அறை, வீடு என்று விரியுங்கள். உலக வரைபடம் கடைசியில் வரட்டும்.

படித்துக் காட்டிய எதற்கும் கேள்வித்தாள் வேண்டாம். ஒரு முறை வாசித்துவிட்டு, 'இப்ப நீ சொல்லு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். முதலில் இரண்டு வாக்கியம்தான் வரும். நடுவில் திருத்தினால் அதுவும் நின்றுவிடும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் இந்தப் பிரிவினை கைகொடுக்கும். கணக்கும் வாசிப்பும் தனித்தனி, சின்னதை முதலில் முடித்து அனுப்பிவிடுங்கள். விதையும் கயிறும் கதையும் இருவருக்கும் சேர்த்தே. ஒரே மேஜையில் பெரியது எழுதும், சின்னது வரையும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஏழு, எட்டு வயதாகியும், தினமும் முறையாகச் சொல்லிக் கொடுத்தும் எழுத்துகளைச் சேர்க்க வராத பிள்ளையைப் பார்த்து 'நேரம் வரும்போது வரும்' என்று ஆறுதல் சொல்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு வரும். சிலருக்குப் பார்வைக் குறை இருக்கும், சிலருக்குக் காது சரியாகக் கேட்காது, சிலருக்கு டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கும். வகுப்பில் இருந்தால் யாராவது ஒரு டீச்சர் கண்ணில் பட்டிருக்கும், வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். இரண்டும் சரியென்றால் கற்றல் குறைபாடு பார்க்கும் நிபுணரிடம் போங்கள். போகும்போது தேதி போட்ட பழைய நோட்டுகளையும், பிள்ளை சத்தமாக வாசித்ததை மாதம் ஒரு முறை போனில் பதிந்து வைத்திருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த எழுத்தில் நிற்கிறது, எத்தனை மாதமாக நிற்கிறது என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.