நியூட்டனின் ரசவாதத் தாள்கள் பூட்டிக் கிடக்கவில்லை

"நியூட்டன் தங்கம் செய்யும் ரகசியத்தைக் கண்டுபிடித்தார், அந்தக் கையெழுத்துப் படிகளை பிரிட்டிஷ் அரசு இன்றும் பூட்டி வைத்திருக்கிறது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பிற உலோகங்களைத் தங்கமாக்க முயன்ற பழைய கலையான ரசவாதம் பற்றி நியூட்டன் ஏராளமாக எழுதியது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி பிறர் நூல்களிலிருந்து அவர் படியெடுத்தது, மொழிபெயர்த்தது, குறிப்பெடுத்தது. உலையோடு அவர் செய்த சோதனைகளின் பதிவுகளும் உண்டு. தங்கம் செய்ததற்கான சான்று எதிலும் இல்லை.

மறைத்ததாகச் சொல்வதும் பொருந்தாது. நியூட்டனின் தாள்களை வழிவழியாக வைத்திருந்த குடும்பத்தார் அவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திடம் கொடுத்திருந்தார்கள். 1888-இல் பல்கலைக்கழகம் அறிவியல் தாள்களை வைத்துக்கொண்டு ரசவாதத் தாள்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. அவர்கள் 1936-இல் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் விற்றார்கள். நியூட்டனின் பிற தாள்களும் சேர்ந்த 329 ஏலத் தொகுதிகளுக்குக் கிடைத்தது 9,000 பவுண்டுக்குச் சற்று அதிகம். இப்படிச் சிதறியதே எனக்குப் பெரிய வருத்தம். பொருளியலாளர் கெய்ன்ஸ் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தவை இன்று கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் உள்ளன. அவற்றில் 28-ஆம் எண் கையெழுத்துப் படி, 'மரகதப் பலகை' என்ற பழைய ரசவாத நூலுக்கு நியூட்டன் தன் கைப்பட எழுதிய ஆங்கில மொழிபெயர்ப்பு.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் இத்தாள்களை படியெடுத்து இணையத்தில் இலவசமாகவே தந்திருக்கிறது, யாரும் படிக்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.