ஓநாய்களை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை

அமெரிக்காவின் மொன்டானாவில் சுமார் 1,100 ஓநாய்கள் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள், படிப்பவருக்கு யாரோ காட்டுக்குள் போய்த் தலை எண்ணி வந்தது போலத்தான் தோன்றும். அப்படி இல்லை. அங்கே வேட்டைப் பருவம் முடிந்ததும் மான், எல்க் என்ற பெரிய மான் வகை ஆகியவற்றின் வேட்டைக்கு உரிமம் எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் போன் போடுவார்கள். எத்தனை நாள் போனீர்கள், எந்தப் பகுதி, ஏதாவது கிடைத்ததா? வெறுங்கையோடு திரும்பியவரையும் கேட்டால்தான் கணக்கு சரியாக வரும். அதே அழைப்பிலேயே, 2 முதல் 25 வரை ஓநாய்களைச் சேர்ந்து பார்த்தீர்களா, எங்கே என்றும் கேட்பார்கள். அந்தப் பதில்களிலிருந்து ஓநாய் நடமாடும் பரப்பை மதிப்பிட்டு, அதை ஒரு கூட்டத்தின் எல்லைப் பரப்பால் வகுத்து, கூட்டத்துக்கு எத்தனை உருப்படி என்று பெருக்கி வருவதுதான் அந்த எண்.

முறையை நான் குறை சொல்லவில்லை, அவ்வளவு பெரிய மலைக்காட்டில் வேறு வழியும் கஷ்டம். ஆனால் கூடக்குறைய எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பையும் சேர்த்தே போடுங்கள், ஏனென்றால் எத்தனை ஓநாய்களைச் சுடலாம் என்பது இந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது. அப்புறம், சுட்டதை எண்ணுவதிலும் வேகம் வேண்டும். இன்னொரு அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினில் 2021 பிப்ரவரியில் மாநில உரிமம் பெற்றவர்களுக்கு 119 ஓநாய்கள்தான் அனுமதி, மூன்று நாள்கூட ஆகவில்லை, 218 போய்விட்டன. சுட்டதைச் சொல்ல 24 மணி நேரம், வேட்டையை நிறுத்த 24 மணி நேர முன்னறிவிப்பு. புதுப் பனியில் நாய்களை விட்டுத் துரத்தும்போது அது யுகம்.